துண்டுக்கு அடியில் இருந்த விரல்

பள்ளிக்கூடத்துப் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பானையை எடுத்துவிட்டார்களாம். புத்தகங்களுக்கென்று தனி அறை கட்டி, பெஞ்சு போட்டு, ஜன்னலுக்குக் கம்பியும் வைத்திருக்கிறார்களாம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு அலமாரியை வைத்துக்கொண்டு மழைக்கும் ராமபாணப் பூச்சிக்கும் பயந்து காலம் தள்ளியவன் நான். கூடவே ஒரு பெரிய நோட்டும் போடப்போகிறார்களாம். எந்தப் பிள்ளை, எந்தப் புத்தகம், என்றைக்கு எடுத்தது, எல்லாம் அதில் ஏற வேண்டுமாம்.

பள்ளிக்கூடச் சேவகனாக என் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி தங்கவேலு இதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "பெரியய்யா, ஒங்க காலத்துல நோட்டே இல்லாம எப்படிச் சமாளிச்சீக? கமிட்டியில கேட்டு எழுதிட்டு வரச் சொன்னாக."

அதனால் நான் சொல்கிறேன், அவர் எழுதுகிறார். எனக்கு எழுத்து தெரியாது. நான் பேசுவது ஒரு மாதிரி, அவர் எழுதுவது ஒரு மாதிரி இருக்கும். அது அவர் பாடு. என் பேச்சு சுற்றிச் சுற்றித்தான் வரும். பொதிமாடு மலை ஏறுகிற பாதை அப்படித்தான் இருக்கும். நேராக ஏற்றினால் மாடு படுத்துவிடும்.

மாடு என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். கொஞ்சம் சோளக்காடு இருந்தது. மழை பொய்த்த வருஷங்களில் காடு சோறு போடவில்லை. போடிக்கு வந்து பொதிமாடு ஓட்டினேன். அரிசி, உப்பு, கருவாடு ஏற்றிக்கொண்டு குரங்கணி வழியாக மேலே தோட்டங்களுக்குப் போவோம். இறங்கும்போது ஏலக்காய். தேயிலைப் பெட்டிகள் கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே சொகுசாக இறங்கும். மாடுகள் அதை அண்ணாந்து பார்க்கும். நானும் பார்ப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டு நடந்த ஒரு சாரல் காலத்தில்தான் மாடு வழுக்கி, என் கால் அதற்கு அடியில் போனது.

கால் கூடிவிட்டது, ஆனால் கோணலாகக் கூடியது. சுமையோடு தினம் மலையேற முடியாது என்று ஆகிவிட்டது. நான் சுமை இறக்கிக்கொண்டிருந்த ஏலக்கடை முதலாளி என்னைக் கைவிடவில்லை. வைத்தியருக்குச் சொல்லி அனுப்பியதும் அவர்தான், அரிசி அனுப்பியதும் அவர்தான். நடக்க ஆரம்பித்ததும் கடையிலேயே ஒரு சோலி கொடுத்தார். துண்டு பிடிக்கிற சோலி.

ஏலக்காய் வியாபாரத்தை நேரில் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, அழுத்தி, விட்டு, விலை நடக்கும். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் போடியில் ஆடி மாதம் அடிக்கிற மேல்காற்று துண்டையா விட்டுவைக்கும்? கண்ணிமைக்கும் நேரத்தில் தூக்கி எறிந்துவிடும். அதனால் துண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பக்கத்தில் நிற்பதால் என் கண்ணுக்கு விரல் தெரியும். முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்: "கண்ணு பாக்கத்தேன் செய்யும் வீரணா. வாயி பாக்கக் கூடாது." துண்டுக்குள் நடந்ததை வெளியே சொன்னவனுக்குப் போடியில் எந்தக் கடையிலும் சோலி கிடையாது.

முதலாளி பள்ளிக்கூடக் கமிட்டியிலும் இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு சேவகன் வேண்டும் என்றதும் என்னையே கொண்டுபோய் நிறுத்தினார். ஹெட்மாஸ்டர் ஐயா தெற்கே இருந்து வந்தவர். ஒல்லியான ஆள், சத்தம் போட்டுப் பேச வராது. "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று தலையைத் தொங்கப் போட்டேன். ஞாபகம் எப்படி என்று அடுத்துக் கேட்டார். அதற்கு முதலாளி முந்திக்கொண்டு, எந்த மூட்டையை எந்த மாட்டில் எந்த மழையில் ஏற்றினேன் என்றுகூட இவன் சொல்லுவான் என்றார். "அப்ப இவரே போதும்" என்றார் ஐயா. எழுத்து தெரியாதவனைப் புத்தகத்துக்குக் காவல் வைக்கிறாரே, இவருக்கென்ன கிறுக்கா என்று அப்போது நினைத்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கமிட்டிக்காரர்கள் போன பிறகு, "வாங்க வீரணன், அலமாரியைப் பாப்போம்" என்றார். என்னை 'வாங்க' என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

அலமாரி பலாமரத்தில் செய்தது. மூன்று தட்டு. மணி அடிப்பது, கூட்டுவது, குடிதண்ணீர் நிரப்புவது எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அலமாரிச் சோலிதான் நாள் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை வெயில் இருந்தால் புத்தகங்களை முற்றத்தில் ஈச்சம்பாய் விரித்து வைப்பேன். மல்லாத்திப் போடக் கூடாது, அட்டை வளைந்துவிடும். கூடாரம் மாதிரி நிறுத்தி வைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் திருப்ப வேண்டும். தட்டுகளைத் துடைத்து, மூலைக்கு மூலை வசம்புத் துண்டு வைத்து, வேப்பிலையை நிழலில் உலர்த்திப் போட வேண்டும். பச்சை வேப்பிலை போட்டால் பூஞ்சை பிடிக்கும். இதையெல்லாம் ஐயா வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவரே செய்தார். நான் பார்த்தேன்.

புத்தகம் எடுக்கிற முறையும் அவர் வைத்ததுதான். புத்தகத்தைத் தொடும் முன்பு எந்தப் பிள்ளையும் கை கழுவ வேண்டும். அதற்குத்தான் அந்தப் பானை. கழுவித் துடைத்துவிட்டு, தானே அலமாரிக்குள் கையை விட்டு எடுக்க வேண்டும். யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. இது உனக்குப் பெரிய புத்தகம், இது பெண்பிள்ளைக்கு ஆகாது, இதெல்லாம் உனக்கு எதற்கு என்று எந்த வாத்தியாரும் சொல்லக் கூடாது. பிடிக்காவிட்டால் பிள்ளையே திருப்பிக் கொண்டுவந்து வைக்கும்.

தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. நான் ஊர் வழக்கம் என்னவோ அப்படித்தான் ஊற்றினேன். ஊருக்குள் இருந்து வருகிற பிள்ளைகளுக்குச் செம்பைக் கையில் கொடுப்பேன், அவர்களே ஊற்றிக்கொள்வார்கள். சேரியிலிருந்து வருகிற பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து படிப்பார்கள். அவர்கள் குனிந்து கையை ஏந்த, நான் உயரத்தில் இருந்து ஊற்றுவேன். செம்பு அவர்கள் மேல் படாது. அதில் தப்பு இருக்கிறது என்று எனக்கு மட்டுமல்ல, ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

ஐயா தன் நாற்காலியில் இருந்தபடி இதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் பிள்ளைகள் எல்லாம் நிற்கும்போது பானைக்கு முன்னால் வந்தார். தாழ்வாரத்துப் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் நின்றார். நான் செம்பை நீட்டினேன். வாங்கவில்லை. குனிந்து இரண்டு கையையும் ஏந்தினார்.

"ஊத்துங்க வீரணன்."

செம்பைத் தாழ்த்திப் பிடித்தேன். ஊற்றினேன்.

"இன்னும் கொஞ்சம் ஒசரத்துல இருந்து. நேத்து அந்தப் பையனுக்கு ஊத்துனீங்களே, அந்த மாதிரி."

சட்டைக் கை நனைந்தது. துடைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து செம்பு என் கையை விட்டு இறங்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே உயரத்தில் இருந்து தண்ணீர் விழுந்தது. மறுநாள் கணக்குப்பிள்ளை வீட்டுப் பேரன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு செம்பைக் கொடு என்றான். "ஐயாவே கைய ஏந்திக்கிட்டு நின்னாக அப்பு. நீ அவுகளவிடப் பெரிய ஆளா?" என்றேன். ஏந்தினான். அவன் தாத்தா தடியை ஊன்றிக்கொண்டு சண்டைக்கு வந்தார். ஐயா அவருக்கு நாற்காலி போட்டு, புத்தகங்களில் ஒரு கறை இல்லாததைக் காட்டினார். மேலிருந்து சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டரும் அதை மெச்சிவிட்டுப் போனதால் பேச்சு அடங்கியது.

ஆனால் கமிட்டி வேறொரு உத்தரவு போட்டது. தாழ்வாரத்துப் பிள்ளைகளுக்கு அடித்தட்டுப் புத்தகங்கள் மட்டும்தான். மேல் தட்டில் அவர்கள் கை படக் கூடாது. ஐயா சரி என்று தலையசைத்தார். எனக்கு வருத்தமாகிவிட்டது, இவ்வளவுதானா இவர் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தகங்களை வெயிலில் இருந்து எடுத்து அடுக்கும்போது, எந்தப் புத்தகம் எந்தத் தட்டு என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "ஒங்களுக்குத்தான் எழுத்து தெரியாதே வீரணன், கைக்கு வந்தபடி அடுக்குங்க" என்றார். சிரிக்கக்கூட இல்லை. எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது. ஒவ்வொரு வெயிலுக்கும் மேல் தட்டு கீழே வந்தது, கீழ்த் தட்டு மேலே போனது. உத்தரவை யாரும் மீறவில்லை. தாழ்வாரத்துப் பிள்ளைகள் அடித்தட்டில் இருந்துதான் எடுத்தார்கள். கொஞ்ச மாதத்தில் அலமாரியில் இருந்த எல்லாப் புத்தகமும் எல்லாக் கைக்கும் போய்வந்துவிட்டது. எழுத்து தெரியாதவனைக் காவலுக்கு வைத்த கிறுக்கு அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நோட்டு சங்கதிக்கு வருகிறேன். ஒரு வாத்தியார் ஐயாவிடம் கேட்டார், யார் எதை எடுத்தார்கள் என்று எழுதி வைத்தால் நல்லதில்லையா என்று. ஐயா சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "பேரை எழுதுறோம்னு தெரிஞ்சா பிள்ளை புத்தகத்தைப் பாத்து எடுக்காது சார். நம்ம மொகத்தைப் பாத்து எடுக்கும்." புத்தகம் திரும்பி வர வேண்டுமே என்றால், அதற்கு வீரணன் இருக்கிறார் என்றார். எனக்கு அட்டை நிறமும் கனமும் கறையும்தான் எழுத்து. நீல முதுகு கணக்குப்பிள்ளை வீட்டில், முனை மடங்கியது உப்புக்காரர் வீட்டில் என்று மனசில் நிற்கும். வராவிட்டால் பிள்ளையின் காதுக்குள் போய்ச் சொல்வேன். ஒன்றே ஒன்றுதான் போனது. அது ஒரு வெள்ளாட்டின் வயிற்றுக்குள் போனது. அந்தப் பையன் அழுதுகொண்டு ஆட்டையே பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிவந்து சாட்சியாக நிறுத்தினான்.

இனி அந்தச் சிவப்புத் துணி அட்டைப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தாழ்வாரத்துப் பிள்ளைகளில் ஒரு பெண் இருந்தாள். தாய் தகப்பன் மேலே ஏலத் தோட்டத்தில் கூலி. இவள் சேரியில் அத்தை வீட்டில் இருந்து படித்தாள். அடித்தட்டில் இவள் வாசிக்காதது இல்லை. ஒரு நாள் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டு ஐயாவிடம், "எல்லாப் புத்தகத்துலயும் ராசா வர்றாக, மந்திரி வர்றாக, செட்டியாரு மகன் வர்றாக. எங்க ஆளுக ஒருத்தருகூட வர மாட்டாகளாய்யா?" என்று கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கோடை விடுமுறைக்கு மதுரை போன ஐயா, புத்தகக் கடைகளில் எல்லாம் இதையே கேட்டிருக்கிறார். கூலிக்காரர், குடியானவர், புருஷனை இழந்த பெண்கள், இவர்கள் எல்லாம் மனுஷராக வருகிற கதை இருக்கிறதா என்று. ஒரு சின்னக் கட்டோடு திரும்பி வந்தார். அதில் ஒன்று அந்தச் சிவப்பு அட்டை. மலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன ஒரு குடும்பத்தின் கதை.

கதை எனக்கு எப்படித் தெரியும் என்றால், மலையில் கேட்டேன். காய் பறிக்கிற காலம் வந்தால் தாழ்வாரம் காலியாகிவிடும். பிள்ளைகள் எல்லாம் தாய் தகப்பனோடு தோட்டத்துக்கு ஏறிவிடுவார்கள். மற்ற பள்ளிக்கூடமாக இருந்தால் பேரை அடித்துவிடுவார்கள். ஐயா, புத்தகத்தோடு போகச் சொன்னார். சனிக்கிழமை என்னைக் குரங்கணிக்கு மேலே அனுப்பினார், புத்தகம் மாற்றிக் கொடுக்க. சுமை இல்லாமல் மெள்ள ஏற என் காலுக்கு முடிந்தது.

ஒரு முறை போயிருக்கும்போது மழை. கூலிக்காரர் குடியிருக்கிற லயத்தில் பெண்கள் உட்கார்ந்து காய்ந்த ஏலக்காயில் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்தப் பிள்ளை சிவப்பு அட்டையைச் சத்தமாக வாசிக்கிறாள். கதையில் கங்காணி நயமாகப் பேசுகிற இடம் வந்தது. அவள் தாய் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏ புள்ள, நிறுத்து. எந்தக் கங்காணிடி இப்படிப் பேசுறான்? இத எழுதுனவன் ஒரு நாளு அட்டைக்கடி பட்டிருப்பானா?"

"அட்டைக்கடியும் வருது ஆத்தா, அடுத்த பக்கத்துல."

"அப்பச் சரி, படி" என்றாள் தாய்.

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே முழுக் கதையும் கேட்டார்கள். கதையில் வருகிறவள் தன் பிள்ளைக்குப் பேர் வைக்கிற இடத்தில் கத்தரிச் சத்தம் நின்றுபோனது. மழை மட்டும் கேட்டது. கீழே வந்து ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நனைந்த புத்தகங்களை மேலே ஏலக்காய் உலர்த்துகிற சூட்டறையில் ஓரமாக வைத்துக் காயவைப்பார்கள். அதனால் மலைக்குப் போய் வந்த புத்தகம் எனக்கு மூக்கிலேயே தெரியும். சிவப்பு அட்டையில் வாசம் மட்டும் இல்லை, உள்ளே ஒரு பூவும் இருந்தது. ஏலப்பூ. வெள்ளையில் ஊதாக் கோடு போட்டது, செடியின் காலடியில் பூக்கும். பறித்தால் ஒரு காய் போச்சே என்று கங்காணி வைவார். இது உதிர்ந்ததை எடுத்து வைத்தது. பேர் வைக்கிற பக்கத்தில் இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தப் புத்தகம் வெயிலில் காய்ந்து மேல் தட்டுக்குப் போனது. அதை அடுத்து எடுத்தது என் முதலாளியின் மகள். உள்ளே பெஞ்சில் உட்காருகிற பிள்ளை. அவள் திருப்பி வைத்தபோது ஏலப்பூவுக்குப் பக்கத்தில் ஒரு மரிக்கொழுந்துக் கிள்ளு இருந்தது. நான் எதையும் தட்டவில்லை. அப்படியே அடுக்கினேன். கொஞ்ச நாளில் அந்தப் புத்தகம் என்றில்லை, எந்தப் புத்தகத்தை விரித்தாலும் ஏலப்பூவும் மரிக்கொழுந்தும் இருந்தன. ஒரே வாசலில் ஏறி, ஒரே மணிக்கு எழுந்து, ஒருவரோடு ஒருவர் பேச முடியாத இரண்டு பிள்ளைகள். எந்தப் பக்கம் பிடித்தது என்று இப்படிப் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அவர்களுக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

பிறகு தெரிந்துபோனது. ஜெர்மன் சண்டை முடிந்து வந்த காலம் அது. மலைப்பிள்ளை கடைசி வகுப்பில் இருந்தாள். பரீட்சை தேறினால் மதுரையில் வாத்தியார் பயிற்சிக்கு அனுப்ப ஐயா ஏற்பாடு செய்திருந்தார். பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது முதலாளி கமிட்டிக்காரர்களோடு ஐயா அறைக்கு வந்தார். மகள் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்த சிவப்பு அட்டைப் புத்தகத்தை மேஜையில் விரித்து வைத்தார். பூ காய்ந்து காகிதத்தில் ஒட்டியிருந்தது.

"இது என்ன பூவுன்னு யாரும் எனக்குச் சொல்ல வேணாம். இதுலதேன் நான் சோறு திங்கிறேன்" என்றார். "மலையில இருந்து யாரு கையி வழியா எம்மக கையிக்கு வந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க. அந்தப் புள்ளைய இன்னைக்கே பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தணும்."

எழுதி வைக்கும் வழக்கம் இல்லை என்றார் ஐயா.

"எழுதாட்டி என்ன. எழுதவே வேணாத ஆளத்தேன் நான் ஒங்களுக்குக் குடுத்திருக்கேனே." என் பக்கம் திரும்பினார். "வீரணா, நீ சொல்லு. யாரு?"

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால்கூட ஒரு சாடை காட்டவில்லை. பக்கத்து வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற சத்தம் கேட்டது. அதில் அந்தப் பிள்ளையின் குரலும் தனியாகக் கேட்டது. தெரியாது என்று சொல்லலாம். ஆனால் என் ஞாபகத்தை முதலாளிக்குத் தெரியும். அதைவிட, கால் ஒடிந்து கிடந்தபோது அரிசி அனுப்பின மனுஷனிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியும் மொதலாளி" என்றேன்.

"சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

ஒரு கமிட்டிக்காரர், சேவகனுக்கு வந்த ஏத்தத்தைப் பார் என்றார். முதலாளி கையைக் காட்டி அவரை அமர்த்தினார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசினேன். அவ்வளவு நீளமாக அவர் முன்னால் நான் பேசியதே இல்லை.

"ஆடிக் காத்துல ஒங்க துண்டப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நானு. ஒங்க விரலையும் பாத்திருக்கேன், எதுத்தாப்புல நின்னவுக விரலையும் பாத்திருக்கேன். இன்னைக்கு வரைக்கும் வாயத் தொறந்ததில்ல. எங்கிட்ட வந்து கேட்டவுக இருக்காக. கேட்டது யாருன்னுகூட ஒங்ககிட்டச் சொன்னதில்ல. அலமாரிக்குள்ள புள்ளைக கைய விட்டு எடுக்குறதும் அப்படித்தேன் மொதலாளி, துண்டுக்குள்ள விரலப் பிடிக்கிற மாதிரி. பக்கத்துல நிக்கிறவன் கண்ணு பாக்கத்தேன் செய்யும். வாயி பாக்கக் கூடாது. நீங்க சொல்லிக் குடுத்ததுதேன். இன்னைக்கு இத நான் சொன்னா, நாளைக்கு அதச் சொல்ல மாட்டேன்னு நீங்க எப்படி நம்புவீக?"

வந்திருந்தவர்கள் எல்லோரும் ஏலக்காய் வியாபாரிகள். எல்லோருடைய துண்டையும் நான் பிடித்திருக்கிறேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் செருமினார். முதலாளி புத்தகத்தை மெள்ள மூடினார். பூவை எடுக்கவில்லை.

"இவனக் கொண்டாந்து விட்டதே நான்தேன்" என்றார் யாரிடமோ. எழுந்து போய்விட்டார்.

சோலி போய்விடும் என்றுதான் இருந்தேன். போகவில்லை. ஐயா, நாளைக்கு வெயில் அடித்தால் புத்தகங்களைக் காயப் போட்டுவிடுவோமா என்று மட்டும் கேட்டார். வெகுநாள் கழித்து நான்தான் கேட்டேன், அன்றைக்கு ஒரு சாடையாவது காட்டியிருக்கலாமே என்று. "காட்டியிருந்தா நீங்க என் பேச்சைப் பேசியிருப்பீங்க வீரணன்" என்றார்.

மலைப்பிள்ளை பரீட்சை எழுதினாள், தேறினாள். முதலாளி மகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். வயசுக்கு வந்துவிட்டாள் என்று காரணம் சொன்னார்கள். எனக்கு அதுதான் மனசில் கிடந்து உறுத்தியது. அவள் நின்ற பிறகு புத்தகங்களில் ஏலப்பூ மட்டும் தனியாக இருந்தது.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் புத்தகங்களைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி தனியாக வந்தார். நேராகப் பானைக்கு முன்னால் போய்க் குனிந்து இரண்டு கையையும் ஏந்தினார். செம்பை எடுத்து, எல்லாப் பிள்ளைக்கும் ஊற்றுகிற உயரத்தில் இருந்து ஊற்றினேன். தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டார். அதே துண்டு.

பாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அந்தச் செவப்பு அட்டை எங்க? கேட்டு அழுகுறா" என்றார்.

"வெளிய போயிருக்கு மொதலாளி."

"யாரு..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். "சரி. வேற ஒண்ணு எடுத்துட்டுப் போறேன்."

அவரே கையை விட்டு எடுத்தார். அடுத்த வாரம் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வேறொன்று எடுத்தார். மகளுக்குக் கலியாணம் ஆகும் வரைக்கும் அந்த மனுஷன் புத்தகம் சுமந்தார். திரும்பி வந்த முதல் புத்தகத்திலேயே மரிக்கொழுந்து இருந்தது. அவர் பார்த்திருப்பார். பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்.

மலைப்பிள்ளை வாத்தியாரம்மாவாகி, மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். அங்கேயும் ஓர் அலமாரி உண்டு. பக்கத்தில் ஒரு பானை உண்டு. ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார், முதலாளியும் போய்விட்டார். இரண்டு பேருக்கும் நான் கடன்பட்டவன். ஒருவர் வாயைக் கட்டக் கற்றுக் கொடுத்தார். அதை எதற்காகக் கட்ட வேண்டும் என்று இன்னொருவர் காட்டினார்.

நோட்டு வேண்டாம் என்று சொல்ல நான் யார். புத்தகம் பெருகிவிட்டது, ஒரு மனுஷன் மண்டை தாங்காது. ஆனால் புத்தகம் திரும்பி வந்ததும் அந்தப் பேரை யாரும் வாசிக்க முடியாதபடி அடித்துவிடுங்கள். கமிட்டியில் இதை மட்டும் சொல்லிவிடு தம்பி என்றேன். சொல்கிறேன் என்றார் தங்கவேலு. எழுதியதை எல்லாம் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரி பெரியய்யா. அந்த ரெண்டு புள்ளைக பேரு சொல்லவே இல்லையே. சொல்லுங்க, சேத்துக்கிறேன்" என்றார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து, எழுதுகிற அவர் கையின் மேல் போட்டேன். முதலில் விழித்தார். பிறகு துண்டுக்கு அடியிலேயே பேனாவை மூடிவிட்டார்.